ரவை டப்பா காலியான சனிக்கிழமை

கயல் அப்பாவுக்கு, நேரில் கூப்பிட்டதுபோலவே, ஏனுங்க,

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். ஒரு போட்டோவும் நாலு வரியும் கொடுங்கள் என்று கேட்டு ஒரு மாதமாகிறது. 'அன்பானவர், பண்பானவர்' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பானவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு வரியை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அதனால் உங்களுக்கே எழுதிவிடுகிறேன். அவர்கள் வெட்டுகிற மட்டும் வெட்டிக்கொள்ளட்டும்.

வீடு கிட்டத்தட்ட காலி. சோஃபாவும் டைனிங் டேபிளும் போய்விட்டன. ஹாலில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, ஒரு பெட்டியையே மேஜையாக்கி எழுதுகிறேன். புதன்கிழமை லாரி வருகிறது. நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில், என் தம்பி வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு அபார்ட்மென்ட். அங்கே எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்திதான், படுவதற்குத்தான் தெம்பில்லை.

நீங்கள் போய் இந்த ஆகஸ்ட் வந்தால் இரண்டு வருஷம். அதில் பாதி நாள் உங்கள் பெயரை ஒவ்வொரு காகிதத்திலிருந்தும் எடுப்பதிலேயே போய்விட்டது. கரண்ட் பில்லிலிருந்து எடுத்தேன், காரிலிருந்து எடுத்தேன். இன்னும் சாயங்காலமானால் யாராவது போன் பண்ணி, கார்ப்பெட் கழுவித் தருகிறோம், மிஸ்டர் பழனிசாமி இருக்கிறாரா என்று கேட்கிறார்கள். முதலில் அழுதேன். இப்போதெல்லாம் ஊரில் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பொய்யில்லையே?

நான் சொல்ல வந்தது அதுவல்ல. போன சனிக்கிழமை உங்கள் ரிவால்வரால் நான் சுட்டேன். ஆமாம், நானேதான். ஏழு வருஷம் கூப்பிட்டும் வராதவள், கடைசியில் வந்தேன். அங்கே எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அதை உங்களிடம் கேட்காமல் இந்த ஊரை விட்டுப் போக முடியாது.

மலரைப் படிக்கிறவர்களுக்கு உங்கள் பைத்தியத்தைப் பற்றித் தெரியாது. அவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் டெக்சாஸில் இந்த ஷுகர்லாண்டுக்கு வந்த மறு வருஷம், தொண்ணூற்றிரண்டில், ஒரு பார்சல் வந்தது. குக்கர் வந்திருக்கிறது என்று நினைத்து ஆசையாகப் பிரித்தேன். உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய இரும்புத் துண்டுகள். நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் உள்நாட்டுப் போர் நடத்தியபோது வைத்திருந்த ரிவால்வரைப் போலவே இத்தாலியில் இப்போது செய்து விற்கிறார்கள் என்றீர்கள். முழுசாக வாங்காமல், அராவாத, மெருகேற்றாத பாகங்களாகவே வாங்கியிருந்தீர்கள். நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, கிரீன் கார்டே இன்னும் வரலைங்க. இதெல்லாம் வாங்கலாமுங்களா?"

"இதுக்குப் பேப்பரே வேண்டாம் கண்ணு. தோட்டா போடற துப்பாக்கின்னாத்தான் அதெல்லாம். சட்டத்துக்கு இது பழைய சாமான், அவ்வளவுதான்."

"பழைய சாமான் நம்மூட்ல இல்லையா? நானொருத்தி இருக்கேன்ல?"

அதற்கும் சிரித்தீர்கள். ஆபீசில் நாள் முழுக்க கம்ப்யூட்டரைத் தட்டுகிறேன், சாயங்காலம் பார்த்தால் கையில் காட்ட ஒன்றும் இல்லை, ஒன்றாவது என் கையால் செய்ய வேண்டும் என்றீர்கள். அன்றைக்கு அது எனக்குச் சாக்குபோலத்தான் பட்டது.

கராஜில் ஒரு கோடை முழுக்க அராவினீர்கள். இரும்புக்குக் கறுப்பு நிறம் ஏற வேண்டுமாம். அதற்கு முதலில் வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, பிறகு கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்துத் துடைக்க வேண்டுமாம். என் இட்லிப் பானையில் துப்பாக்கிக் குழல் வெந்ததை நான் எப்படி மறப்பேன்? 'நல்லாக் கழுவிட்டேன், கண்ணு' என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பானையில் நான் மறுபடி இட்லி ஊற்றவில்லை.

பிடிக்கு அவர்கள் கொடுத்த மரம் உங்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் என் அரிவாள்மனையைத் தேடினேன். அம்மா கொடுத்தனுப்பிய தேக்குப் பலகை. அரிவாள் மட்டும் தனியாகக் கழன்று அலமாரியில் கிடந்தது. பலகை இரண்டு துண்டாகி, உங்கள் ரிவால்வருக்கு இரண்டு பக்கமும் வழவழவென்று உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் உங்களோடு நான் பேசவில்லை. நாலாம் நாள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போவீர்கள், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மாட்டுப் பண்ணைகளைத் தாண்டி இருக்கிற அந்தச் சுடுமிடத்துக்கு. அங்கேதான் கிளிஃப்டன் உங்களுக்குச் சிநேகிதமானார். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர். உங்கள் முழுப்பெயர் வாயில் நுழையாமல் சாமி என்று பாதியை வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் சமையலறைத் தொட்டியில் வெந்நீரும் சோப்பும் விட்டுத் துப்பாக்கியைக் குளிப்பாட்டுவீர்கள். கருமருந்துப் புகை ஒட்டிய இரும்பை அன்றைக்கே கழுவாவிட்டால், ஹூஸ்டன் ஈரக்காற்றில் மறுநாளே துருப்பிடித்துவிடும். உங்கள் தலையில் எண்ணெய் வைக்கச் சொன்னால் நேரமில்லை. அதற்கு மட்டும் வாராவாரம் எண்ணெய்க் குளியல்.

நான் தொட்டதில்லையே தவிர, அதை எப்படி நிரப்புவது என்று எனக்கு மனப்பாடம். நான் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே. உருளையில் ஆறு குழி. ஒவ்வொன்றிலும் அளந்து வெடிமருந்து, அதன்மேல் ஈயக் குண்டு, அடியிலிருக்கிற நெம்புகோலால் ஒரு அழுத்து. குண்டு கொஞ்சம் பெரிசாக இருப்பதால் ஓரத்தில் மோதிரம்போல ஈயம் சீவிக்கொண்டு வரும். குழி வாயை மூடக் கொழுப்பு. பின்னால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்ன இரும்பு முளை, அதன் நடுவில் ஊசித் துளை. முளைமேல் கேப். தீபாவளித் துப்பாக்கியில் பிள்ளைகள் வெடிக்கிற கேப் போலத்தான், இது செம்பில் செய்த குட்டித் தொப்பி. சுத்தி அதன்மேல் அடித்தால் பொறி துளை வழியே போய் மருந்தைத் தொடும். ஆறு குழியிருந்தாலும் ஐந்துதான் நிரப்ப வேண்டும், சுத்தி காலிக் குழியின்மேல் தூங்க வேண்டும். சரிதானே?

அந்தக் கொழுப்பில்தான் சண்டை. பன்றிக்கொழுப்பு டப்பாவை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள். இந்த ஃப்ரிட்ஜில் ஒன்று அது இருக்கும், இல்லையென்றால் நான் இருப்பேன் என்றேன். அதற்கப்புறம் நெய்யும் தேன்மெழுகும் சேர்த்து நீங்களே காய்ச்சினீர்கள். கிளிஃப்டன் அந்த வாசனையை முகர்ந்து பார்த்து, இதைத் துப்பாக்கிக்குப் போடுவதா, ரொட்டிக்குத் தடவுவதா என்று கேட்டாராம்.

அப்புறம் ரவை. மருந்தைக் குறைத்துப் போட்டால் குழியில் இடம் காலியாக நிற்கும், குண்டு மருந்தின்மேல் இறுக்கமாக உட்காராது. அந்த இடத்தை நிரப்ப இந்த ஊர்க்காரர்கள் எதையெதையோ போடுகிறார்கள். நீங்கள் என் உப்புமா ரவையில் கை வைத்தீர்கள். எப்போதாவது ஒரு கரண்டிதான், முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவேன்.

"ஒருக்கா வந்து பாரு, வசந்தா. ஒரே ஒரு ரவுண்டு சுட்டுட்டு வந்துரலாம்" என்று எத்தனை சனிக்கிழமை கூப்பிட்டிருப்பீர்கள்! எனக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது. "எனக்குக் கை வலிக்குதுங்க. சுடறப்ப அது உதைக்கறதெல்லாம் தாங்காது. அடுத்த வாரம் பாக்கலாம்." டேட்டா என்ட்ரி செய்து செய்து வலது மணிக்கட்டு போயிருந்தது நிஜம். பட்டை கட்டிக்கொண்டுதான் தோசை வார்ப்பேன். ஆனாலும் அடுத்த வாரம் என்பது அந்தக் கையால் வந்ததில்லை. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, தம்பியிடம்கூட.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நீங்கள் மறுபடி கூப்பிட்டீர்கள். என்ன தோன்றியதோ, சரி என்றேன். "நாளைக்குக் கயல டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு, பதினோரு மணிக்கு நானே டிரைவ் பண்ணிட்டு வந்தர்றேன். போதுமுங்களா?" என்றேன். நீங்கள் சரியென்று தலையை ஆட்டினீர்கள். காலையில் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டீர்கள்.

அன்று சாயங்காலம் நம் வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. ரவை கிச்சடி என்று சொல்லியிருந்தேன். நீங்கள் போனபின் டப்பாவைத் திறந்தால் அடியில் தூசி. நேற்றுத்தான் நிரப்பிய டப்பா! ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்றால் பரவாயில்லை, மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போயிருந்தீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கயலை டான்ஸ் கிளாஸில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய், ரவை வாங்கி, வரிசையில் நின்று, திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தபோது மணி பதினொன்றரை. இனிமேல் எங்கே போவது, காத்திருந்தால் காத்திருக்கட்டும் என்று வெங்காயத்தை எடுத்தேன்.

நீங்கள் நாலு மணிக்கு வந்தீர்கள். நான் வாசலிலேயே ஆரம்பித்தேன். "ரவையெல்லாம் அள்ளிட்டுப் போனா மனுசி எப்படீங்க வருவா? ஆளுக வர்ற நாளுன்னு தெரியாதா?"

"பரவால்ல விடு கண்ணு. மழை வர்றாப்ல இருந்துச்சு. நானும் சுடல" என்றீர்கள். இரும்புப்பெட்டியைக் கராஜில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தீர்கள். அன்றைக்குத் தொட்டியில் துப்பாக்கிக் குளியல் நடக்கவில்லை. சுடாத துப்பாக்கியை எதற்குக் கழுவ வேண்டும் என்று நானும் அதை நினைக்கவில்லை.

புதன்கிழமை, நீங்கள் நெஞ்சுவலியில் சாய்ந்துவிட்டதாக உங்கள் ஆபீசிலிருந்து போன் வந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த மழையைத்தான் இரண்டு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் போகாதது பெரிய விஷயமில்லை, எப்படியும் மழை, அவரும் சுடவில்லையே என்று என்னையே தேற்றிக்கொள்வேன். துணி மடிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, எப்போது அது நினைவு வந்தாலும் உடனே மழையை முன்னால் கொண்டு வந்து நிறுத்துவேன்.

நீங்கள் போன வருஷம் பண்டிகை எதுவும் இல்லை. அடுத்த வருஷ ஆயுத பூஜைக்குக் கயல்தான் ஆரம்பித்தாள். "அம்மா, அப்பாஸ் ரிவால்வர்? ஹி ஆல்வேஸ் கெப்ட் இட் தேர்" என்றாள். பூட்டைத் திறந்து எடுத்து வந்து, அவளுடைய அல்ஜீப்ரா புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் இருந்தபோது பிடியில் ஒரே ஒரு பொட்டுதான் வைப்பீர்கள், அது ஏனென்று நான் யோசித்ததில்லை. நான் எப்போதும் அடுப்பென்றால் நாலு பர்னருக்கும், காரென்றால் நாலு சக்கரத்துக்கும் வைக்கிறவள். அந்த ஆறு முளையைப் பார்த்ததும் ஒவ்வொன்றுக்கும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். என் நெற்றியில் வைக்காத குங்குமத்தை அதற்கு வைக்கிறேனே என்று அழுகை வந்தது. மறுநாள் மேலாகத் துடைத்துப் பெட்டியில் பூட்டினேன்.

இப்போது ஊர் மாற்றம். தம்பி போனிலேயே சொல்லிவிட்டான். "அக்கா, எது வேணாலும் கொண்டாங்க, மாமாவோட அந்த ரிவால்வர மட்டும் கொண்டாந்தறாதீங்க. டெக்சாஸ்ல அது பழைய சாமான். இங்க அதுக்கும் பர்மிட் வாங்கோணும்." சரி, கிளிஃப்டனுக்கே கொடுத்துவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டேன்.

வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, காலி ஹாலில் நின்றபடி அதை வாங்கினார். வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்த்து உருளையின் முன்பக்கத்தைப் பார்த்தவர், மெதுவாக அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பெட்டிமேல் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன். அவர் 'மேம்' என்று கூப்பிடுகிற மரியாதைக்கு நம் ஊர் 'அம்மணி'தான் சரி.

"அம்மணி, இது லோடு பண்ணி இருக்குது. அஞ்சு குழியும் நிறைஞ்சிருக்கு. கேப் மட்டும் எடுத்துட்டான்."

ஏனுங்க, நீங்களா இப்படி? நிரப்பிய துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டு வந்தால் கையை முறிப்பேன் என்று அடுத்தவர்களுக்குப் பாடம் எடுத்தவர் நீங்கள். கேப் இல்லாவிட்டால் வெடிக்காது என்று அவர் எவ்வளவு சொன்னாலும் என் மனசு ஆறவில்லை. அதைப் போய் என் மகள் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறேன்! அன்று முழுக்க உங்களைத் திட்டித் தீர்த்தேன். செத்துப்போன மனுஷனை இப்படியா திட்டுவது என்று யாரும் கேட்கவில்லை, யாருமில்லை கேட்பதற்கு.

முளைகளைக் கழற்றி மருந்தைக் கொட்டித் தானே காலி செய்துவிடுவதாகக் கிளிஃப்டன் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த ஐந்து குழியும் உங்கள் கை நிரப்பியது. உங்கள் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன், காரை விற்றுவிட்டேன். நீங்கள் பாதியில் விட்டுப்போன வேலை என்று மீதமிருந்தது அது ஒன்றுதான். அதை இன்னொருவர் ரப்பர்க்கையுறை போட்டுக்கொண்டு குப்பைக்கூடையில் கொட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நானே சுடறேன்" என்றேன்.

போன சனிக்கிழமை கயலையும் கூட்டிக்கொண்டு போனேன். பதினோரு மணிக்குத்தான் போனேன், அந்த நேரம்தான் மனசில் நின்றது. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, மணிக்கட்டில் என் பட்டை. கிளிஃப்டன் ஐந்து கேப் போட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னார். நான் விசையை அழுத்தினேன். சுத்தி விழுந்தது. 'டிக்' என்று கேப் மட்டும் வெடித்தது. ஒரு நிமிஷம் அசையாமல் அப்படியே பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். இரண்டாவதும் அப்படியே. மருந்து கெட்டுப்போயிருக்கும், இரண்டு வருஷமாயிற்றே என்றார். சொல்லிக்கொண்டே முளையைக் குனிந்து பார்த்தவருக்கு முகம் மாறியது.

"இதென்ன மஞ்சளா மண்ணு? துளையெல்லாம் அடைச்சிருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. எட்டு மாதமாகக் காய்ந்த சந்தனம். கயலுக்கும் புரிந்து, "ஓ மை காட், அம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கிளிஃப்டனுக்கு அவள்தான் ஆயுத பூஜையை விளக்கினாள். அவர் சிரிக்கவில்லை. பூஜையில் வைத்த துப்பாக்கியை நான் இதுவரை பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார்.

துளையைக் குத்த அவர் வைத்திருந்த கம்பி தடிமனாக இருந்தது. என் வளையலில் எப்போதும் தொங்குகிற ஊக்கைக் கழற்றினேன். குழலை எதிரே இருந்த மண்மேட்டைப் பார்க்க வைத்து அவர் பிடித்துக்கொள்ள, கேப்பையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு துளையாக ஊக்கால் குத்தி, நான் அப்பிய சந்தனத்தை நானே எடுத்தேன். அவர் புதுக் கேப் வைத்தார்.

இந்த முறை சுட்டது.

நீங்கள் சொன்ன சத்தம் அதுவல்ல. வீடு இடிகிற மாதிரி இருக்கும், கை தோள் வரைக்கும் தூக்கிப் போடும் என்பீர்கள். இதுவோ 'டப்' என்று ஒரு சத்தம், தலையணையைத் தட்டினாற்போல. கையில் ஒரு சின்னத் தள்ளல், அவ்வளவுதான். பட்டை கட்டிய மணிக்கட்டு வலிக்கவேயில்லை. வெள்ளைப் புகை எழுந்தது, அழுகிய முட்டை நாற்றம், அதற்கடியில் நெய் கருகிய வாசனை. இரண்டாவதும் அப்படித்தான்.

கிளிஃப்டன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இது சாமி போடற அளவே இல்லை. அவனுது சுட்டா இந்தக் கூரை அதிரும். இது பாதி மருந்துகூட இல்லை, மிச்சமெல்லாம் அந்த ரவை. என் பேத்தி முதல் நாள் வந்தப்போ நான் இப்படித்தான் போட்டுக் கொடுத்தேன்" என்றவர், என் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார். "உங்களுக்கு அவன் சொல்லலையா?"

"என்ன?"

"கடைசியா வந்த அந்தச் சனிக்கிழமை ஒரு டப்பா நிறைய ரவை கொண்டாந்தான். காலைல இருந்து மாத்தி மாத்தி அளந்து, சுட்டுச் சுட்டுப் பாத்தான். உதையே இருக்கக்கூடாது, என் வீட்டுக்காரிக்குக் கை வலின்னான். சரியான அளவு கெடைச்சதும் எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, இந்த அஞ்சையும் நிரப்பி, பெஞ்சுமேல வெச்சிட்டு உக்காந்திருந்தான். மூணு மணி வரைக்கும் உக்காந்திருந்தான், அம்மணி. நான் என் சாமானெல்லாம் கட்டறப்பவும் ரோட்டைத்தான் பாத்துட்டிருந்தான். அடுத்த வாரம் வருவா, அதுவரைக்கும் இது இருக்கட்டும்னு கேப்பை மட்டும் எடுத்தான். எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது."

"மழை வர்றாப்ல இருந்துதுன்னு சொன்னாரே."

"மழையா? அந்த மாசம் பூரா ஒரு பொட்டு மழை இல்லை."

ஏனுங்க, ஏன் சொல்லவில்லை? வாசலிலேயே நான் ரவைக்காகக் கத்தினேனே, அப்போதாவது அது உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் கூனிக் குறுகிப்போவேன் என்று மழையை இட்டுக்கட்டினீர்களா? அதற்கப்புறம் நாலு நாள் இருந்ததே. திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை இருக்கிறது என்று நீங்களும் நினைத்துவிட்டீர்கள், இல்லையா?

இனி எனக்கு அந்த மழை இல்லை. நீங்கள் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தீர்கள், நான் வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது. மன்னிப்புக் கேட்கிறேன். ஓங்கிச் சொல்லத் தெம்பில்லை, எழுதுகிறேன்.

மூன்றாவதைச் சுட்டேன். நாலாவதைச் சுட்டேன். கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை, குறியட்டையில் பட்டதா மண்ணில் பட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. ஐந்தாவதுக்கு வந்தபோது கை இறங்கிவிட்டது. அதைச் சுட்டுவிட்டால் நீங்கள் நிரப்பியது என்று எதுவும் மிச்சமிருக்காது. இது மட்டும் இருக்கட்டுமே என்றேன். நிரப்பிய துப்பாக்கியை அப்படி வைத்திருக்க முடியாது அம்மணி என்று கிளிஃப்டன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நம் கயலை உங்களுக்குத் தெரியுமே. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள். இப்போது பதினாலு வயசு, என் காதுவரை வளர்ந்துவிட்டாள். அவள் பின்னாலிருந்து என் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா, அப்பா வெயிட் பண்றாங்க" என்றாள்.

சுட்டேன்.

வீட்டுக்கு வந்து தொட்டியில் வெந்நீர் விட்டேன், சோப்புப் போட்டேன். உருளையைக் கழற்றி, ஒவ்வொரு குழியையும் துணி சுற்றிய குச்சியால் தேய்த்தேன். நீங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டேதானே இத்தனை வருஷம் சமைத்தேன், எதுவும் மறக்கவில்லை. ஓவனில் காயவைத்து எண்ணெய் போட்டேன். மறுநாள் கிளிஃப்டன் முதலில் பார்சலில் வந்த பழைய மரப்பிடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியை எடுத்துப் போனார். என் அரிவாள்மனைப் பலகை இரண்டும் என்னிடமே இருக்கின்றன. ஒன்று எனக்கு, ஒன்று கயலுக்கு. இதற்கு நியூ ஜெர்சியில் பர்மிட் வேண்டாமாம், தம்பியிடம் கேட்டுவிட்டேன்.

அழகாக இருக்கிறது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். அழகாக இருக்கிறது.

கயல் புது ஸ்கூலில் ஓட்டப்பந்தய அணியில் சேரப்போகிறாளாம். பந்தயமெல்லாம் சனிக்கிழமைதானாம். இந்த ஊர் ஸ்கூல் பந்தயத்துக்கும் மூன்று முறை கூப்பிட்டாள், மூன்று முறையும் அடுத்த வாரம் என்றேன், உங்களிடம் சொன்ன அதே வாயால். இனி அந்த வார்த்தை என் வாயில் வராது, இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. பதினோரு மணி என்றால் பத்தே முக்காலுக்கு அங்கே நிற்பேன். வீட்டில் யார் சாப்பிட வந்தாலும் சரி, டப்பாவில் ரவை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

தாமதமாக வந்து சேர்ந்த,
உங்கள் வீட்டுக்காரி, கயலின் அம்மா,
வசந்தா